நுரையீரலில் ஆக்ஸிஜன் போகும் வழியை எம்.ஆர்.ஐ. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி இதுதான்: “எம்.ஆர்.ஐ. உடம்பில் உள்ள தண்ணீரைத்தான் பார்க்கும் என்கிறார்கள். நுரையீரலில் இருப்பதோ காற்று. அங்கே ஆக்ஸிஜன் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று எம்.ஆர்.ஐ. வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? சாதாரண நோயாளி இதைக் கேட்டு எடுத்துக்கொள்ள முடியுமா?”

சந்தேகம் நியாயமானது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சில் போகும் ஆக்ஸிஜனை எம்.ஆர்.ஐ. பார்ப்பதில்லை. நான் கீழே சொல்லப்போகும் எந்த முறையிலும் ஆக்ஸிஜன் மூலக்கூறு படத்தில் விழுவது கிடையாது. ராத்திரி வீட்டுக்குள் பூனை வந்து போனதை உருண்டு கிடக்கும் பாத்திரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா, இதுவும் அந்தக் கதைதான். ஆக்ஸிஜன் தன் பக்கத்தில் இருப்பதை என்ன செய்துவிட்டுப் போகிறது என்று பார்த்து, அது அங்கே இருந்ததைச் சொல்கிறார்கள்.

நேரடியாக ஏன் முடியாது? காந்தத்துக்குள் வைத்த அணு ரேடியோ சமிக்ஞை தர வேண்டுமானால் அதன் கருவுக்குத் தற்சுழற்சி இருக்க வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனில் 99.7 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன்-16. அதன் கருவுக்குத் தற்சுழற்சியே கிடையாது; எவ்வளவு பெரிய காந்தத்தில் வைத்தாலும் வாய் திறக்காது. தற்சுழற்சி உள்ள ஆக்ஸிஜன்-17 இயற்கையில் 0.04 சதவீதம்கூடத் தேறாது. காசு செலவழித்து அதைச் செறிவூட்டினாலும் வாயுவாக இருக்கும்வரை அதன் சமிக்ஞை நொடியில் கரைந்துவிடும். செல்களுக்குள் போய்த் தண்ணீராக மாறிய பிறகுதான் அதைப் பிடிக்க முடியும். மூளை எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது என்று பார்க்க அது உதவும், நுரையீரலுக்கு உதவாது.

சரி, தண்ணீரையே பார்க்கலாம் என்றால் அதிலும் தொல்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் நுரையீரல் கறுப்புப் பள்ளமாகத்தான் தெரியும். அங்கே திசு குறைவு என்பது ஒரு காரணம்; மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் அதே கன அளவில் கால்பங்கு அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். மூச்சும் இதயத்துடிப்பும் படத்தைக் கலைப்பது இன்னொரு காரணம். ஆனால் உண்மையான வில்லன் வேறு. நுரையீரலில் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் அளவில். ஒவ்வொன்றின் சுவரிலும் ஒருபக்கம் காற்று, மறுபக்கம் ஈரத் திசு. காந்தப்புலத்துக்குள் காற்று நடந்துகொள்ளும் விதம் வேறு, திசு நடந்துகொள்ளும் விதம் வேறு. அதனால் எல்லையோரத்தில் எல்லாம் காந்தப்புலம் கொஞ்சம் கோணலாகிவிடுகிறது. தண்ணீரில் சமிக்ஞை தரும் ஹைட்ரஜன் கருக்கள் அருகருகே இருந்தும் ஆளுக்கொரு வேகத்தில் சுழலத் தொடங்கி, ஒன்றின் சமிக்ஞையை இன்னொன்று அடித்துவிடும். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தில் இதெல்லாம் ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும். மூளையில் இதே சமிக்ஞை பல பத்து மில்லி விநாடிகள் தாங்கும். 3 டெஸ்லாவுக்குப் போனால் நுரையீரலில் நிலைமை இன்னும் மோசம். அதிகக் காந்தம் என்றால் நல்ல படம் என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரல் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் உறுப்பு, 0.55 டெஸ்லா போன்ற குறைந்த புல இயந்திரங்களில் இப்போது நுரையீரல்காரர்கள் ஆர்வம் காட்டுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது பூனை உருட்டிய பாத்திரத்துக்கு வருவோம். ஆக்ஸிஜன் வாயுவைக் காந்தம் இழுக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மைக்கேல் ஃபாரடே இதைக் கவனித்துவிட்டார். திரவ ஆக்ஸிஜனை வலுவான காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் கீழே சிந்தாமல் அங்கேயே தொங்கி நிற்கும். ஆக்ஸிஜன் மூலக்கூறில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் வரும் குணம் இது. எலக்ட்ரானின் காந்தத் திறன் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் கருவைவிட ஏறக்குறைய 660 மடங்கு. அப்படிப்பட்ட ஒன்று பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் கருக்கள் சும்மா இருக்குமா? ரேடியோ அலையால் தட்டிவிடப்பட்ட பிறகு அவை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் நேரத்தை டி1 என்பார்கள்.

இதை வைத்து ஒரு சோதனை. ஆளைப் படுக்கவைத்து முகமூடி மாட்டி, முதலில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கவிட்டு டி1 சார்ந்த படங்கள் எடுப்பார்கள். அப்புறம் குழாயைத் திருப்பி 100 சதவீத ஆக்ஸிஜன். மறுபடியும் படங்கள். இரண்டையும் கழித்தால், ஆக்ஸிஜன் போய்ச் சேர்ந்த இடங்கள் பளிச்சென்று தெரியும். 1996-இல் எடல்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் இதை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான நுரையீரலின் டி1 சுமார் 1.2 விநாடியிலிருந்து 1.1 விநாடிக்கு இறங்கும். மொத்த மாற்றமே பத்து சதவீதத்தை ஒட்டித்தான். உதரவிதானம் ஒரு படத்தில் சற்று மேலேயும் அடுத்ததில் கீழேயும் இருந்துவிட்டால், கழித்துப் பார்க்கும்போது அந்தப் பிழையே பத்து சதவீதத்தை விழுங்கிவிடும். அதனால் இந்த வேலையில் பாதி, படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதில் போய்விடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் இந்த டி1 மாற்றமும் அதனால்தான் என்று தோன்றும். இல்லை. ஹீமோகுளோபினோடு சேர்ந்த மறுகணமே ஆக்ஸிஜன் தன் காந்தக் குணத்தை இழந்துவிடுகிறது. லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் 1936-இல் இதைக் காட்டினார்கள். அதோடு, சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் அதில் புதிதாக ஏற இடமே இல்லை. நமக்குச் சமிக்ஞை தருவது பிளாஸ்மாவிலும் திசு நீரிலும் அப்படியே கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். உடலியல் பாடத்தில் ‘இது புறக்கணிக்கத்தக்க அளவு’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்களே, அதே ஆசாமி. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் அது சாதாரணமாக 0.3 மில்லிலிட்டர்தான். தூய ஆக்ஸிஜன் சுவாசித்தால் 2 மில்லிலிட்டரை எட்டும். நுண்ணறைக்குள் ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 650-க்கு மேல் எகிறுவதால் வரும் ஏற்றம் இது.

இப்படி வரும் படத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல். ஓர் இடம் பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால் அங்கே காற்று போயிருக்க வேண்டும், ஆக்ஸிஜன் சுவரைக் கடந்திருக்க வேண்டும், கரைவதற்கு ரத்தமும் இருக்க வேண்டும். மூன்றில் எது கெட்டாலும் படம் மங்கும். எது கெட்டது என்று படம் தானாகச் சொல்லாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. ஆனால் நோயாளிக்கு வேண்டியது ஆக்ஸிஜன் கடைசிவரை போய்ச் சேருவதுதானே. அந்த மொத்த விளைவை அளப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஒரு குழு இதையே இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. 20 மூச்சு சாதாரணக் காற்று, 20 மூச்சு ஆக்ஸிஜன் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு படம். குழாயைத் திருப்பிய உடனே சில இடங்கள் பிரகாசமாகும். சில இடங்கள் நாலைந்து மூச்சு தாமதித்துத்தான் ஆகும். அந்தத் தாமதம்தான் அவர்களுக்கு வேண்டியது. ஒவ்வொரு மூச்சிலும் அந்த மூலையில் எவ்வளவு பழைய காற்று வெளியேறிப் புதுக்காற்று வருகிறது என்று அதிலிருந்து கணக்கிடலாம். மல்லாந்து படுத்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கே முதுகுப்பக்கம் ஒரு மாதிரி, நெஞ்சுப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். நுரையீரல் தன் எடையிலேயே அமுங்கிக் கிடப்பதன் விளைவு அது.

அடுத்த வழி வேறு திசையில் போகிறது. காற்றிலிருந்தே சமிக்ஞை எடுக்க முடியுமா? வாயு என்றால் அணுக்கள் மிக அரிது. போதாக்குறைக்கு எம்.ஆர்.ஐ.யே மிகச் சிறிய மிச்சத்தில் ஓடும் தொழில்: 1.5 டெஸ்லாவில் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களை எடுத்தால், ஒன்றையொன்று ரத்து செய்தது போக மீதி நிற்பது ஐந்து கருக்களின் காந்தம்தான். தண்ணீரில் அணுக்கள் அடைந்து கிடப்பதால் அதுவே போதுமானதாகிவிடுகிறது. வாயுவில் அது பேச்சுக்கே வராது. அந்த ஐந்தை லட்சக்கணக்காக்க ஒரு வழி இருக்கிறது. ருபீடியம் என்ற உலோகத்தின் ஆவிமீது 795 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சி அதன் எலக்ட்ரான்களை ஒரே திசைக்குத் திருப்பி, அவை மோதும்போது அந்த ஒழுங்கை ஹீலியம்-3 அல்லது ஸீனான்-129 வாயுவின் கருவுக்குக் கைமாற்றிவிடுவார்கள். ஒளியால் அணுக்களை இப்படி ஒழுங்குபடுத்தும் முறைக்காக ஆல்ஃபிரட் காஸ்ட்லர் 1966-இல் நோபல் வாங்கினார். அதை வைத்து 1994-இல் எலி நுரையீரலை ஸீனானில் படம் எடுத்தார்கள்; 1996-இல் மனித நுரையீரல், ஹீலியம்-3-இல். அதுவரை கறுப்பாகவே பார்த்துப் பழகிய இடம் அந்தப் படங்களில் வெள்ளையாக, காற்று நிரம்பி நின்றது.

லேசரில் ஒழுங்குபடுத்திய இந்த வாயு ஒருமுறை ஊதிய சோப்புக்குமிழி மாதிரி. ஒவ்வொரு ரேடியோத் துடிப்பும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், தின்றது திரும்பாது. மார்புக்குள் போனதும் இன்னொரு எதிரியும் சேர்ந்துகொள்கிறது. அது ஆக்ஸிஜன்! அந்த ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஹீலியத்தின் ஒழுங்கைக் கலைக்கின்றன. பையில் நிமிடக்கணக்கில் தாங்கும் ஒழுங்கு நுரையீரலுக்குள் ஏறக்குறைய 20 விநாடியில் கரைந்துவிடும். படம் எடுப்பவருக்கு இது தலைவலி. ஆனால் மாற்றி யோசித்துப் பாருங்கள்: எங்கே ஆக்ஸிஜன் அதிகமோ அங்கே ஹீலியம் வேகமாக மங்கும், எங்கே குறைவோ அங்கே மெதுவாக. மங்கும் வேகமே அந்த இடத்து ஆக்ஸிஜன் அழுத்தத்தின் அளவுகோல்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1990-களின் இறுதியில் இதைச் செய்து காட்டினார்கள். ஆள் ஒரு மடக்கு ஹீலியத்தை இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதே இடத்தை அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். மங்கலில் எவ்வளவு ரேடியோத் துடிப்பால் வந்தது, எவ்வளவு ஆக்ஸிஜனால் வந்தது என்று பிரிக்க, படங்களுக்கு இடையிலான நேரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். துடிப்பால் வரும் இழப்பு படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, ஆக்ஸிஜனால் வரும் இழப்பு கடந்த விநாடிகளைப் பொறுத்தது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மூச்சைப் பிடித்திருக்கும்போது புது ஆக்ஸிஜன் வருவதில்லை, ஆனால் ரத்தம் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஆக்ஸிஜன் அழுத்தம் விநாடிக்கு விநாடி இறங்கும். ஹீலியம் மங்கும் வேகமும் அதோடு சேர்ந்து குறையும். அந்தச் சிறு மாறுதலை அளந்தால், நுரையீரலின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வேகத்தில் ஆக்ஸிஜனை ரத்தத்துக்கு ஒப்படைக்கிறது என்பது கிடைத்துவிடும். ‘ஆக்ஸிஜன் எங்கே போகிறது’ என்று கேள்வியில் கேட்டதற்கு மிக நெருங்கி வரும் அளவு இதுதான் என்பேன்.

துரதிருஷ்டம், ஹீலியம்-3 கிடைப்பதில்லை. அணு ஆயுதங்களுக்காக வைத்திருக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது வரும் துணைப்பொருள் அது. 2001-க்குப் பிறகு எல்லைச் சாவடிகளில் கதிரியக்கப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்காக அமெரிக்கா அதை அள்ளிக்கொண்டது. 2009 வாக்கில் கையிருப்பு வற்றி, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அழகான ஒரு முறை, வாயு இல்லாமல் நின்றுபோனது.

ஆராய்ச்சியாளர்கள் ஸீனானுக்கு மாறியது அரைமனதோடுதான். அதன் சமிக்ஞை ஹீலியத்தைவிடப் பலவீனம். ஆனால் காற்றிலேயே இருக்கும் வாயு என்பதால் தட்டுப்பாட்டுப் பயம் குறைவு. ஹீலியத்துக்கு இல்லாத ஒரு குணமும் அதற்கு உண்டு. ஹீலியம் காற்றறைக்குள்ளேயே நின்றுவிடும். ஸீனான் கரையும். நுண்ணறைச் சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் போகும், ஆக்ஸிஜன் போகும் அதே வழியில். போகிற இடத்துக்கு ஏற்ப அதன் அலைவரிசையும் மாறும். காற்றில் இருக்கும் ஸீனானின் அலைவரிசையைப் பூஜ்யம் என்று வைத்தால், சுவர்த் திசுவிலும் பிளாஸ்மாவிலும் கரைந்தது பத்து லட்சத்தில் 197 பங்கு அளவு தள்ளி ஒலிக்கும். சிவப்பணுவுக்குள் நுழைந்தது 217 பங்கு தள்ளி. திரையில் மூன்று தனித்தனி முகடுகள்: காற்று, சுவர், சிவப்பணு. இந்த மூன்று முகடுகளை முதன்முதலாகப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் உள்ள ஒரு சுவரின் இரண்டு பக்கங்களை, அதை நேரில் பார்க்காமலேயே பிரித்துக் காட்டுகிறது அல்லவா!

எடுக்கும் விதம் இப்படி இருக்கும். மார்பைச் சுற்றி மேல்சட்டை போல ஒரு ஆன்டெனாவைக் கட்டிவிடுவார்கள். ஸீனான் நிரம்பிய பிளாஸ்டிக் பையைப் பக்கத்து அறையிலிருந்து அவசரமாகக் கொண்டுவந்து, குழாயை வாயில் வைத்து ‘இழுங்க, இழுங்க, அப்படியே பிடிங்க’ என்பார்கள். பத்துப் பதினைந்து விநாடி. ‘விடலாம்.’ முடிந்தது. அதிக அளவில் ஸீனான் மயக்க மருந்து என்பதால் சிலருக்கு லேசாகத் தலை சுற்றும், விரல் நுனி சிலிர்க்கும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். கதிர்வீச்சு எதுவும் கிடையாது.

பயன் என்ன? நுரையீரல் தழும்பேறும் ஃபைப்ரோசிஸ் நோயில் சுவர் தடித்துவிடும். அப்போது சுவர் முகடு ஓங்கி, சிவப்பணு முகடு தாழும். இரண்டின் விகிதமே நோயைச் சொல்கிறது. ஆஸ்துமாவில் காற்றுப் படத்திலேயே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மூச்சுக்குழல் விரியும் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி எடுத்தால் அந்த ஓட்டைகளில் பல நிரம்பியிருக்கும். சிவப்பணு முகட்டை மட்டும் தொடர்ந்து பார்த்தால் அது இதயத்துடிப்போடு ஏறி இறங்குவதையும் காணலாம். நுரையீரல் ரத்தக்குழாய் நோய்களைப் பிரித்தறிய அந்த ஏற்ற இறக்கம் உதவும் என்று ஆராய்ந்து வருகிறார்கள். கோவிட் சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு குழுக்கள் எடுத்த படங்கள்தான் இந்த முறையை வெளியுலகுக்குக் காட்டின. கோவிட் நிமோனியாவிலிருந்து மீண்டு, மூன்று மாதம் கழிந்தும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களைத்தான் படம் எடுத்தார்கள். சி.டி.யில் நுரையீரல் ஏறக்குறைய இயல்பாகத் தெரிந்தது. ஸீனான் படத்தில் சுவரிலிருந்து சிவப்பணுவுக்குப் போகும் அளவு குறைந்திருந்தது. 2021-இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகள் ஒன்பது பேர்தான், ஆகவே அதை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் தாவக்கூடாது. ஆனால் ‘எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த மூன்று முகடுகள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸீனான் ஆக்ஸிஜனின் வழியில் போகிறது, ஆனால் அது ஆக்ஸிஜன் ஆகிவிடாது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைக் கெட்டியாகப் பிடிப்பது போல ஸீனானைப் பிடிப்பதில்லை. சிவப்பணு நுரையீரல் தந்துகிக்குள் முக்கால் விநாடிதான் தங்குகிறது. ஆரோக்கியமானவருக்கு அதில் முதல் கால் விநாடியிலேயே ஆக்ஸிஜன் நிரம்பிவிடும், மீதி நேரம் கையிருப்பு. அதனால் சுவர் கொஞ்சம் தடித்து ஸீனான் படம் மாறியிருந்தாலும், ஓய்வில் இருக்கும் ஆளின் ரத்த ஆக்ஸிஜன் அளவு சரியாகவே இருக்கலாம். மாடிப்படி ஏறும்போதுதான் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோனது தெரியவரும்.

கடைசிக் கேள்வி: கேட்டு எடுத்துக்கொள்ளலாமா? ஸீனான் படத்துக்கு அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, அதுவும் காற்றோட்டத்தைப் பார்ப்பதற்காக. முகடுகளை வைத்துச் செய்யும் அளவீடுகள் பெரும்பாலும் ஆராய்ச்சி மட்டத்தில்தான் இருக்கின்றன. வாயுவை லேசரால் ஒழுங்குபடுத்தும் இயந்திரம் பக்கத்திலேயே வேண்டும். 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜன் 64 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, ஸீனானோ 18-ஐ ஒட்டி. சாதாரண ஸ்கேனருக்கு அந்தக் காது கிடையாது, தனியாகப் பொருத்த வேண்டும். ஆக, பெரும்பாலான நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதுவது சி.டி., கதிரியக்கப் பொருள் வைத்து எடுக்கும் காற்றோட்ட-ரத்தவோட்ட ஸ்கேன், ஊதிப் பார்க்கும் சோதனைகள் ஆகியவைதான், அதில் தவறும் இல்லை.

வாயுவும் முகமூடியும் எதுவுமே வேண்டாத ஒரு முறையும் வளர்ந்துவருகிறது. ஆள் இயல்பாக மூச்சுவிட்டபடி படுத்திருக்க, விநாடிக்கு மூன்று படம் வீதம் ஒரு நிமிடம்வரை எடுப்பார்கள். மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து அந்த இடத்தின் சமிக்ஞை குறையும், விடும்போது கூடும். இதயம் துடிக்கும்போது புது ரத்தம் வந்து இன்னொரு சிறு அலை எழும். மூச்சின் தாளம் மெதுவானது, இதயத்தின் தாளம் வேகமானது. இரண்டையும் கணினி பிரித்துவிட்டால் ஒரே ஓட்டத்தில் காற்றோட்ட வரைபடமும் ரத்தவோட்ட வரைபடமும் கைக்கு வந்துவிடும். ஆக்ஸிஜன் சுவரைத் தாண்டியதா என்று இதனால் சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற ஸ்கேனரிலேயே, மூச்சைப் பிடிக்கத் தெரியாத சின்னக் குழந்தைக்கும் எடுக்கலாம். உங்களுக்கு நுரையீரல் எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாள் என்று ஒன்று வரும்போது முதலில் எதிர்ப்படப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.